ஒன்பதாம் காலனியில் பால் காய்ச்சிய வைபவம்

மனிதகுல வரலாற்றை இனிமேல் எழுதப்போகிறவர்கள் அதை இரண்டு பாகங்களாகப் பிரிக்க வேண்டியிருக்கும்: செம்பூரில் 'நேத்ரதாரா டேட்டா சர்வீசஸ்' தொடங்குவதற்கு முன், தொடங்கிய பின். அதன் துணைப் பொது மேலாளர் என்ற ஹோதாவில் நான் இதைச் சொல்லவில்லை. டோம்பிவிலியில் ஒற்றைக்காலில் ரயிலேறி, குர்லாவில் மறு காலைத் தேடிக்கொண்டு வண்டி மாறி, அந்த மகத்தான நிறுவனத்தைத் தினமும் அருகிலிருந்து தரிசிக்கும் பாக்கியசாலி என்ற முறையில் சொல்கிறேன். பெயர் ராமபத்ரன்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஃபர்ஸான் பலகாரக் கடை. அதற்கு மேலே இரண்டாவது மாடியில் நாங்கள். முதலாளி கேஷவ் மாட்டுங்காவில் பிறந்து, செம்பூரில் வளர்ந்து, ஆறு மாதம் வெளிநாட்டில் படித்து, அந்த ஆறு மாதத்தைப் பற்றி ஆறு வருடமாகப் பேசிவருபவர். என்னைவிட இருபது வயது இளையவர். நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னை 'மாமா' என்பார். இந்தப் பாசத்தின் காரணமாகச் சம்பள உயர்வு குறித்துப் பேச இதுவரை வாய்ப்பு அமையவில்லை.

ஆரம்பத்தில் நாங்கள் மால்களுக்கு வேலை பார்த்தோம். மால் வாசலில் கேமரா இருக்கும், உள்ளே எத்தனை பேர் போகிறார்கள் என்று நாங்கள் எண்ணிச் சொல்வோம். இதற்கு 'ஃபுட்ஃபால்' என்று பெயர். ஃபுட்ஃபால் ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. இந்த ஒரு தத்துவத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒரு நிறுவனம் பல காலம் வாழமுடியும்.

பிறகு மால்களே காலியாகத் தொடங்கின. கேஷவ் அமெரிக்காவிலிருந்து ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அங்கே மரமே இல்லாத பெரிய புல்வெளிகள் உண்டாம். அதில் 'புல்வெளி நாய்' என்று ஒரு பிராணி. நாய் என்பது பெயரில் மட்டும்தான், மற்றபடி அணில் ஜாதி. பெருச்சாளி அளவு இருக்கும், குரைக்கும், அதனால் இந்தப் பட்டம். மண்ணுக்கடியில் வளை தோண்டி, குடும்பம் குடும்பமாக, நூற்றுக்கணக்கில் காலனி போட்டு வாழும். வாசலில் நிமிர்ந்து நின்று தெருவைப் பார்க்கும். சொந்தக்காரர் வந்தால் மூக்கோடு மூக்கு உரசிக் குசலம் விசாரிக்கும். வேற்றாள் வந்தால் கத்தி ஊரைக் கூட்டும். ஒரு ஹவுசிங் சொசைட்டி நடத்துவதற்கு வேண்டிய சகல தகுதிகளும் அவற்றுக்கு உண்டு.

இவற்றுக்குப் பிளேக் வரும். எலிகளிடமிருந்து மனிதர்களுக்கு வந்ததே, அதே பிளேக்தான். தெள்ளுப்பூச்சி கடித்துப் பரவும். ஒரு குடும்பத்துக்கு வந்தால் சில வாரங்களில் காலனியே சுத்தமாகப் போய்விடும். தடுக்கவும் வழி இருக்கிறது. வளைகளுக்குள் ஒரு மருந்துப் பொடியைத் தூவினால் தெள்ளுப்பூச்சி செத்துவிடும், பிராணிகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் புல்வெளியோ கண்ணுக்கெட்டாத தூரம். பொடி தூவுகிற ஆட்களோ ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். எங்கே தூவ வேண்டும் என்று யாராவது நேரத்தில் சொல்லியாக வேண்டும்.

அந்த யாராவதுதான் நாங்கள். அங்கே கேமரா எடுத்த படம் மறுநாள் காலையில் எங்கள் திரைக்கு வந்துவிடும். ஒவ்வொரு திரையின் மூலையிலும் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் டாக்டர் ஹாலிஸ் என்ற ஆராய்ச்சியாளருக்குத் தகவல் போகும். வேன் கிளம்பும்.

டாக்டர் ஹாலிஸ் வீடியோ அழைப்பில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். "ஒரு வளையின் குடும்பம் திடீரென்று வெளியே வராமல் போனால் பொத்தானை அழுத்துங்கள். தயங்க வேண்டாம், நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம்" என்றார். கேஷவ் பயபக்தியுடன் தலையாட்டினார். அழைப்பு முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி என்னோட அப்ரூவல் வேணும். மால்ல ஒருத்தன் அவசரப்பட்டு அலாரம் அடிச்சு ஃபயர் பிரிகேடே வந்துடுத்து, ஞாபகம் இருக்கோல்லியோ? க்ளையன்டுக்குத் தொந்தரவு குடுக்காம இருக்கறதுதான் சர்வீஸ்."

ஒன்பதாம் காலனி ரீனாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ரீனா தாராவிப் பெண். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அம்மா, அண்ணன் ஆன்றோ, அண்ணி, அவர்கள் பிள்ளைகள், இவள் என்று எல்லோரும் ஒரே அறையில். வேறு ரூம் தேடி அவள் பார்க்காத சந்து இல்லை. அவளுடைய காலனியில் பள்ளத்து வளை ஒன்றில் ஒரு குடும்பம் இருந்தது. ஆணும் பெண்ணும், அடங்காத குட்டிகளும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகும். அந்த ஆண் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது தன் அண்ணன் நிற்பதைப் போலவே இருக்கிறது என்று சொல்லி, அதற்கு ஆன்றோ என்று பெயர் வைத்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் மேட்டு வளையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. காலனியிலேயே பெரிய குடும்பம் அதில் இருந்தது. ஒரு நாள் அந்தக் குடும்பத்தில் பாதி வெளியே வரவில்லை. மறுநாள் யாருமே வரவில்லை. ரீனா விதிப்படி 'காலி' என்று குறித்துவிட்டு என்னிடம் சொன்னாள். நான் கேஷவிடம் போவதற்குள், பக்கத்து வளைகளிலிருந்து ஒவ்வொன்றாக வந்து அந்த வாசலில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. சில உள்ளேயே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தன.

முதலில் ஆர்வம் கொண்டவன் வேல்ராஜ். பகலில் எங்களிடம் படம் பார்ப்பவன், சாயங்காலம் தாராவியில் ரூம் ஏஜென்ட். நாற்காலியை இழுத்துக்கொண்டு ரீனாவின் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு வாசல் வச்ச ரூமு சார், நல்ல கோலி. மேட்டுல இருக்கு, தண்ணி ஏறாது. கிழக்கு பாத்தது வேற. நம்ம பக்கம் இப்படி ஒண்ணு காலியாச்சுன்னா சாவி கைமாறதுக்குள்ள லைன் நிக்கும்லா."

"இங்கயும் லைன்தான் நிக்குது" என்றேன்.

"நிக்காதா பின்ன? நல்ல ஜாகா."

கேஷவ் எண்களைப் பார்த்தார். முந்தைய வாரத்தைவிட வாசல் வருகை மூன்று மடங்கு ஏறியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"ஃபுட்ஃபால் பார்த்தேளா மாமா? காலனி அமோகமா இருக்கு. இதுக்குப்போய் பட்டன் அமுக்கறதாவது."

இதில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது. பம்பாயில் ஒரு காலி வீட்டு வாசலில் கூட்டம் நின்றால் அந்தப் பேட்டைக்கு நல்ல காலம் என்று அர்த்தம். யாரும் எட்டிப் பார்க்காத வீட்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பது இங்கே வழக்கமில்லை. டிபாசிட் எவ்வளவு என்று கேட்பதுதான் வழக்கம்.

அடுத்த நாள் காலையில் ரீனா எழுந்து நின்று கை தட்டினாள். ஆன்றோ குடும்பம் மேட்டு வளைக்குக் குடிபோய்விட்டது. வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு ஆணும் பெண்ணும் மாறி மாறி உள்ளே போயின, குட்டிகள் புது வாசலில் உருண்டன. மூன்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஆன்றோ இடத்தைப் பிடித்ததாக அவள் வர்ணித்தாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

"எங்க அண்ணனுக்குத்தான் ஒண்ணும் அமையல்ல சார். இவனாவது நல்லா இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இனி ஈரம் கெடையாது."

இப்பேர்ப்பட்ட தருணத்தில் தமிழர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பேன்ட்ரியில் பால் காய்ச்சுவது என்று முடிவாயிற்று. அதற்குமுன் ஒரு கொள்கைப் பிரச்சினை தலையெடுத்தது. கணபதி படம் வைப்பதா, ஜெபம் சொல்லுவதா?

"பேர் ஆன்றோ. அப்போ எங்காளுதான். ஜெபம் பண்ணித்தான் பால் காய்ச்சணும்" என்றாள் ரீனா.

"பேர் நீ வச்சது. அது ஒத்துண்டுதா?" என்றார் கேஷவ்.

"சம்சாரம் எந்த ஆளுன்னு தெரியல்லியே" என்றான் வேல்ராஜ்.

கடைசியில் இரண்டும் செய்தோம். இன்டக்ஷன் அடுப்பில் பால் மங்களகரமாகப் பொங்கி வழிந்து அடுப்பு உயிரைவிட்டது. கீழே கடையிலிருந்து ஜிலேபி வந்தது. 'ஒன்பதாம் காலனியில் வீட்டுவசதியின் எழுச்சி' என்ற தலைப்பில் அந்த மாத அறிக்கையை நானே எழுதினேன். குடியிருப்போரின் மகிழ்ச்சி தொண்ணூற்றாறு சதவிகிதம் என்று போட்டேன். நூறு போட்டால் நம்பமாட்டார்கள்.

டாக்டர் ஹாலிஸ் அப்போது புல்வெளியின் மறு கோடியில் வேறு காலனிகளுக்குப் பொடி தூவிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் காலனிக்கான பொத்தானை யாரும் அழுத்தவில்லை. ஆகவே அங்கே எல்லோரும் நலம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் ரீனா என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"ஆன்றோ வெளிய வரமாட்டேங்கான் சார்."

"புது வீடுலா, உள்ள பெயின்ட் வேலை நடக்கும்" என்றான் வேல்ராஜ், தன் இடத்திலிருந்தபடியே.

மறுநாள் மேட்டு வளை வாசலில் ஒரு குட்டி அசையாமல் கிடந்தது. அக்கம்பக்கத்தார் வந்து சுற்றி நின்று முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய் வந்தனர். துக்கம் விசாரிக்க வருகிறார்கள் என்றாள் ரீனா. வீடு காலியாகிறதா என்று பார்க்க வருகிறார்கள் என்றான் வேல்ராஜ். பம்பாயில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால் நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

ரீனா பழைய படங்களைப் போட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மதியம் சாப்பிடப் போகவில்லை. பிறகு நேராகக் கேஷவ் அறைக்குள் நுழைந்தாள். பின்னாலேயே நானும் போனேன்.

"சார், அந்த வீட்ட எட்டிப் பாத்த வீடெல்லாம் வரிசையா காலியாவுது. இது பிளேக்குதான். பட்டன் அமுக்கணும். இன்னும் பாதிக் காலனி உசுரோட இருக்கு."

"ரீனா, உக்காரு. நேத்திக்கு ஆறு வீடு காலி. ஆனா ஒரு வீட்டுக்கு விசிட்டர் எத்தனை? ஏறிண்டே போறது. டிமாண்ட் இருக்கற எடத்தில நோய்னு சொல்லமுடியுமா?"

"பாக்க வாறதுகள்லாம் சாகுதே சார்."

"பால் காய்ச்சினோம், ரிப்போர்ட் போயாச்சு. தொண்ணூத்தாறு பர்சன்ட்னு மாமா எழுதியிருக்கார். இப்போ பட்டன் அமுக்கினா மாமாவோட மானம் என்ன ஆறது?"

என் மானத்தைப் பற்றி நிறுவனம் கவலைப்பட்டது அதுவே முதல் தடவை. நெகிழ்ந்து போனேன். என்றாலும் விஷயத்தைத் தட்டிக்கழிக்காமல், மூன்று நிலைகளில் ஒப்புதல் பெறுவதற்கான நடைமுறையை உடனே தொடங்கிவைத்தேன். முதல் நிலை நான். இரண்டாம் நிலை கேஷவ். மூன்றாம் நிலை கேஷவின் அப்பா. அவர் குருவாயூர் போயிருந்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் ஒப்புதல் தேவைப்படாமலே போய்விட்டது. ஒன்பதாம் காலனியில் எந்த வாசலிலும் யாரும் நிற்கவில்லை. புல் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ரீனா அந்தத் திரையைப் பார்த்தபடி வேலை நேரம் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. டப்பாவில் வந்த சாம்பார் சரியில்லை என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

அந்த வாரப் படிவத்தை நிரப்புவது மிகவும் சுலபமாக இருந்தது. நடமாட்டம்: இல்லை. நோயுற்றவை: இல்லை. பிழைகள்: இல்லை. நேத்ரதாராவின் சரித்திரத்தில் முதன்முறையாக ஒரு காலனி நூறு சதவிகிதத் துல்லியத்தை எட்டியது. கேஷவ் கேக் வெட்டினார்.

டாக்டர் ஹாலிஸின் அழைப்பு வந்தபோது கேக்கின் க்ரீம் கேஷவ் மீசையில் இருந்தது. அந்த மனிதர் கத்தவில்லை. களைத்துப்போயிருந்தார்.

"இத்தனை வளைகள் காலியானபோது ஏன் சொல்லவில்லை?"

கேஷவ் எழுச்சி அறிக்கையை விளக்கினார். வருகை ஏறியதைக் கோடு போட்டுக் காட்டினார். டாக்டர் ஹாலிஸ் அந்தக் கோட்டைச் சுட்டிக்காட்டினார்.

"பிராணி செத்து உடம்பு ஆறினால் தெள்ளுப்பூச்சிகள் அதை விட்டுவிடும். வளையின் வாசலுக்கு ஏறி வந்து காத்திருக்கும். யார் எட்டிப் பார்க்கிறார்களோ அவர்கள்மேல் தாவும். நீங்கள் எண்ணியது அதைத்தான்."

"சார், பூச்சிகளோட நடமாட்டம் நம்ம கான்ட்ராக்ட்ல இல்லை" என்றார் கேஷவ், ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக.

"பக்கத்திலேயே பத்தாம் காலனி இருக்கிறது" என்றார் டாக்டர் ஹாலிஸ். "அதிலிருந்து ஒன்றிரண்டு இந்தக் காலி வளைகளைத் தேடி வரும். வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் அதுவும் முடிந்தது. எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. எல்லா இடத்திலும் தூவ என்னிடம் ஆளும் இல்லை, பொடியும் இல்லை. வந்ததும் சொல்லுங்கள். தயவுசெய்து."

தயவுசெய்து என்று ஒரு க்ளையன்ட் எங்களிடம் சொன்னது அதுவே முதல் முறை. அதன் கனத்தை உணர்ந்த கேஷவ் அன்றே 'பொத்தான் கொள்கைக் குழு'வை அமைத்தார். தலைவர் அவர், செயலாளர் நான், சிறப்பு அழைப்பாளர் வேல்ராஜ். பொத்தானை எந்தச் சூழ்நிலையில், எந்த விரலால், யார் முன்னிலையில் அழுத்துவது என்பதை ஆராய்ந்து அறிக்கை தருவது அதன் பணி. 'பிராணி வருதல்' என்பதற்கு இலக்கணம் வகுப்பதிலேயே முதல் இரண்டு கூட்டங்கள் போயின. எட்டிப் பார்த்தால் வருகையா, உள்ளே கால் வைத்தால் வருகையா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது.

"டோக்கன் அட்வான்ஸ் குடுத்தாத்தான் சார் பார்ட்டி" என்று வேல்ராஜ் தொழில்முறை அனுபவத்தை எடுத்துச் சொன்னான். "சும்மா பாக்க வாறவன கணக்குல எடுக்கப்புடாது."

மூன்றாம் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ரீனா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"ஒரு ஜோடி வந்திருக்கு சார். பத்தாம் காலனியிலேர்ந்து. மேட்டு வளைய நோக்கித்தான் போறாவ. இன்னும் எட்டிப் பாக்கல்ல. அங்க இருட்டிட்டு, படம் அங்கனயே முடிஞ்சிட்டு."

"எட்டிப் பார்க்கலைன்னா அது வருகையே இல்லை. குழுவில இப்பத்தான் பாஸ் ஆச்சு" என்றார் கேஷவ்.

"பாத்துட்டுத் திரும்பிப் போனா பத்தாம் காலனியும் போச்சு சார்."

"எழுத்து மூலமாக் குடு. அடுத்த கூட்டத்தில எடுத்துக்கறோம்."

ரீனா எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போனாள். கண்ணாடித் தடுப்பு வழியாக எல்லாம் தெரிந்தது. அவள் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, ஒப்புதலின்றி, குழுவின் தீர்மானம் நிலுவையில் இருக்கும்போதே, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள். எந்த விரலால் என்பதைக்கூட எங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பத்து நிமிடத்தில் வேன் கிளம்பியதாகத் தகவல் வந்தது. அங்கே அப்போது பொழுது விடியவில்லையாம். விடிவதற்குள் மேட்டு வளைக்கும், பத்தாம் காலனி முழுவதற்கும் பொடி தூவிவிட்டார்கள்.

விசாரணை அதிகாரியாக நான் நியமிக்கப்பட்டேன். எல்லாம் முறைப்படி நடந்தது. ரீனாவுக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டது.

"பட்டனை அமுக்கினது நீதானா?" என்றேன்.

"ஆமா சார்."

"யாரோட பர்மிஷன்ல?"

"பர்மிஷன் கேட்டு ஒரு தடவ பாத்துட்டேன்லா சார். ஆன்றோ போனான், அவன் பிள்ளைகள் போச்சு, காலனியே போச்சு. இந்தத் தடவ கேக்காம பாத்தேன்."

"வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி எழுதிக் குடு. நான் பார்த்துக்கறேன்."

"வருத்தம் இருக்கு சார். பால் காய்ச்சினதுக்கு."

இதற்குமேல் என்னால் எதுவும் செய்வதற்கில்லை. அறிக்கையை நேர்மையாக எழுதி, அவளை வேலையிலிருந்து நீக்கப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டேன். அதில் நிரூபிக்கப்பட்ட முக்கியமான குற்றச்சாட்டு இது: மேற்படி ரீனா ஒழுங்கீனமாக நடந்துகொண்டதன் விளைவாக, பத்தாம் காலனியில் எல்லாப் பிராணிகளும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன, அவற்றைத் தினமும் எண்ண வேண்டிய வேலைப்பளு நிறுவனத்தின் தலையில் விழுந்திருக்கிறது. நாங்கள் விதிமுறை வழுவாமல் கவனித்துக்கொண்ட ஒன்பதாம் காலனியில் அந்தத் தொல்லை அறவே இல்லை.